துருக்கி மொழியிற் பெயரும் உருபும்

துருக்கி நாட்டின் ஆரம்பப் பாடசாலைகளிலே சிறுவர் சிறுமியர் கற்கும் இலக்கணப் பாடங்களுள் ஒன்று, ‘பெயரின் நிலைகள்’ என்பதாகும். வீடு என்னும் பொருள்தரும் ‘எவ்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, எவ், எவி, எவெ, எவ்தெ, எவ்தென் என்று அவர்கள் ஒப்புவிப்பார்கள். வீடு, வீட்டை, வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து என்பன முறையே அவற்றின் பொருள். இவ்வேற்றுமைகளுக்கு அப்பிள்ளைகள் வழங்கும் பெயர்களும் கவனிக்கத்தக்கவை. ‘இ நிலை’, ‘எ நிலை’, ‘தெ நிலை’, ‘தென் நிலை’ என்று உருபின் பெயரையே வேற்றுமையின் பெயராக அவர்கள் சொல்வர்.

உருபினாற் பெயரிடும் இம்முறை தமிழிலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று. தொல்காப்பியனாரும் ஐ என்றும், கு என்றும், கண் என்றும் உருபைச் சொல்லியே வேற்றுமையைச் சுட்டினார். பெயர்ச்சொல்லின் ஈற்றிலே உருபு தெளிவாக ஒட்டி நிற்கும் மொழிகளிலே இவ்வாறு பெயரிடுதல் இயல்பாக அமைகின்றது. வடமொழியிலும் இலத்தீனிலும் உருபும் பகுதியும் ஒன்றோடொன்று கலந்து, ஒருமைக்கு ஒரு வடிவும் பன்மைக்கு வேறொரு வடிவுமாகத் திரிவதனால், அங்கே இம்முறை எளிதிற் பொருந்தாது. துருக்கியிலோ பன்மை விகுதியாகிய ‘லெர்’ என்பது இடையிலே வந்து ‘எவ்லெர்’ என நின்றாலும், அதற்கு அப்பால் வரும் உருபுகள் அவையேதாம். எவ்லெர்தெ என்றால் வீடுகளில். எவ்லெர்தென் என்றால் வீடுகளிலிருந்து.

இந்த ஒழுங்கைக் கண்டு வியந்தோர் பலர். 1861ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் மொழியியல் பற்றிச் சொற்பொழிவாற்றிய மாக்ஸ் முல்லர், கற்றோர் அவையொன்று கூடியிருந்து ஆராய்ந்து வகுத்ததோ என்று எண்ணுமளவுக்குத் துருக்கி இலக்கணம் செம்மையுடையது என்றும், ஆயினும் எந்த அவையும் அப்படியொன்றைப் படைத்திருக்க இயலாது என்றும் பாராட்டினார். பாராட்டுத் தகுதியானதே. எனினும், துருக்கி மொழியில் இடர்ப்பாடே இல்லை என்று யாரேனும் கருதிவிடலாகாது. இடர்ப்பாடு வரும் இடம் உடைமை விகுதி. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் ஓசை பற்றிச் சிறிது கூறவேண்டும். துருக்கியில் உயிரெழுத்துக்கள் எட்டு. அவற்றுள் நான்கு வாயின் முற்பகுதியிலும், நான்கு பிற்பகுதியிலும் பிறப்பன. ஒரு சொல்லின் ஈற்றுயிர் எவ்வினத்தைச் சார்ந்ததோ, அதனோடு வந்து சேரும் விகுதியின் உயிரும் அவ்வினமாகவே மாறும். இதனை உயிரிசைவு எனலாம். ‘எவ்’ என்பதனோடு ‘லெர்’, ‘தென்’ என வந்தவை, மனிதன் எனப் பொருள்தரும் ‘அதம்’ என்பதனோடு ‘லர்’, ‘தன்’ எனத் திரியும்; அதம்லர் மனிதர்கள், அதம்தன் மனிதனிடமிருந்து. ஆதம் என்ற பெயரே அங்கு மனிதனுக்குப் பொதுப்பெயராயிற்று.

அவ்வெட்டு உயிர்களுள் ஒன்று பிறநாட்டு மாணாக்கர்க்குப் பெருந்தொல்லை கொடுப்பது. இதழைக் குவியாமல் உகரத்தைச் சொன்னால் எழும் ஓசை அது. ஐரோப்பியர் பலர் அதனைப் பழகுவதற்குப் பல நாள் முயல்வர். தமிழர்க்கு அம்முயற்சி வேண்டுவதில்லை. நாக்கு, பாட்டு, ஆறு என்னும் சொற்களின் ஈற்றில் ஒலிக்கும் குற்றியலுகரம் ஏறக்குறைய அதுவேயாம். ‘மனிதனுடைய’ எனப் பொருள்தரும் ‘அதமுன்’ என்பதில் மகரத்தோடு நிற்கும் உகரத்தைக் குற்றியலுகரமாக ஒலித்தால், துருக்கியர் செவிக்கு அது தம்மூர்ச் சொல்லாகவே கேட்கும். இனி இப்பேச்சில் வரும் துருக்கிச் சொற்களின் உகரத்தைப் பெரும்பாலும் அவ்வாறே கொள்க.

இரண்டாம் வேற்றுமையிலே ஓர் அழகான நுட்பம் உண்டு. கித்தப் என்றால் புத்தகம். தமிழ் முஸ்லிம்கள் கிதாபு என வழங்கும் அரபுச் சொல்லே அது. ‘கித்தப் ஒக்குதும்’ என்று ஒரு துருக்கியர் சொன்னால், புத்தகம் வாசித்தேன் என்பது கருத்து. எந்தப் புத்தகம் என்பது அங்கே பேச்சில்லை; வாசித்துப் பொழுது போக்கினேன் என்பதே செய்தி. ‘கித்தபு ஒக்குதும்’ என்று உருபு சேர்த்துச் சொன்னால், இன்ன புத்தகம் என முன்னமே அறியப்பட்ட ஒன்றை வாசித்தேன் என்பதாகும். புத்தகம் வாசித்தேன், புத்தகத்தை வாசித்தேன் என்று தமிழர் சொல்லும்போதும் இவ்வேறுபாடு நிழலாடுவதை யாரும் உணரலாம். உருபு தொக்கு நின்றதும் உருபு விரிந்து நின்றதும் ஒரே பொருளன என்று பாடஞ் சொல்லிக் கடந்துபோவது வகுப்பறை வழக்கம். பேசுவோர் நாவோ இரண்டையும் வெவ்வேறாகவே ஆளுகின்றது. ஆயினும் தமிழில் உயர்திணைக்கு வேறு விதி உண்டு. ஒரு மனிதனைக் கண்டேன் என்று ஐயுருபு கொடுத்தே தமிழர் சொல்வர். துருக்கியர் அங்கும் முன்னறியாத மனிதனாயின் உருபின்றியே கூறுவர்.

உடைமை விகுதிக்கு வருவோம். என் வீடு, உன் வீடு, அவன் வீடு என்று தமிழில் உடையவனைக் குறிக்கும் சொல் முன்னே நிற்கின்றது. துருக்கியில் அது வீட்டின் ஈற்றிலே விகுதியாக ஒட்டிக்கொள்கின்றது. எவிம் என் வீடு; எவின் உன் வீடு; எவி அவன் வீடு. அவள் வீடும் அதன் வீடும் ‘எவி’ என்பதே. அம்மொழியிற் பால் வேறுபாடு இல்லை. எவிமிஸ் எங்கள் வீடு. எவினிஸ் உங்கள் வீடு. ஒருவரையே மரியாதையாக ‘உங்கள்’ என்னும் வழக்கமும் அங்கு உண்டு.

தமிழில் இத்தகைய விகுதி இல்லை என்று உடனே தீர்ப்புக் கூறவேண்டியதில்லை. பண்டைத் தமிழர் முறைப்பெயர்களில் உடைமையைச் சொல்லுக்குள்ளேயே அடக்கி வைத்தனர். எந்தை என்றால் என் தந்தை. நுந்தை என்றால் உன் தந்தை. தந்தை என்பதுதானும் தொடக்கத்தில் அவன் தந்தை என்றே பொருள்பட்டது. எம்பி, நும்பி, தம்பி என்பனவும் அத்தகையன. துருக்கியர் இவற்றையே பபம், பபன், பபசு என்பர். பகரம் இரண்டையும் மெலிந்த ஓசையாகக் கொள்க. தமிழில் முன்னே நின்ற அடையாளம் துருக்கியிற் பின்னே நிற்கின்றது, வேறுபாடு அவ்வளவே. தமிழிலோ அவ்வழக்கு வீழ்ந்தது. தம்பி என்பதிலுள்ள ‘அவன்’ மறைந்து, ‘என் தம்பி’ என்று சொல்லவேண்டிய நிலை வந்தது. மொழிக்கு முதலிற் குற்றியலுகரம் வரும் ஒரே சொல்லாகத் தொல்காப்பியனார் காட்டுவது இந்த நுந்தை என்பதனையே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

துருக்கிய உடைமை விகுதியொன்று இலங்கையின் தமிழ் பேசும் இல்லங்களிலும் நாள்தோறும் ஒலிக்கின்றது. முஸ்லிம் பெண்மணிகள் பலரின் பெயரில் வரும் ‘பேகம்’ என்னும் சொல்லே அது. ‘பெக்’ என்பது தலைவன் எனப் பொருள்படும் பழைய துருக்கியச் சொல். அதனோடு ‘என்’ எனும் பொருள்தரும் மகர விகுதி சேர்ந்து, ‘என் தலைமைக்குரியவர்’ என்ற கருத்தில் எழுந்ததே பேகம் என்று சொல்லாராய்ச்சியாளர் கொள்வர். மத்திய ஆசியாவிலிருந்து இந்தியா வந்த மொகலாயர் அவையிலே உயர்குலப் பெண்டிர்க்குரிய பட்டமாக வழங்கிப் பின்னர் எங்கும் பரவியது. எம்பிராட்டி என்னும் தமிழ்ச் சொல்லின் ‘எம்’ செய்யும் பணியை அதன் ஈற்று மகரம் செய்கின்றது. இன்றைய துருக்கியர் தொலைபேசியை எடுத்தவுடன் ‘எபெந்திம்’ என்கின்றனர். எபெந்தி என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ஐயன் என்பது பொருள். ஈற்று மகரம் மட்டும் துருக்கியருடையது.

இந்த உடைமை விகுதிக்கு அப்பாலே வேற்றுமை உருபு வரும். எவிம்தெ என் வீட்டில். எவிமிஸ்தென் எங்கள் வீட்டிலிருந்து. பெயர், பன்மை, உடைமை, வேற்றுமை என்ற வரிசை என்றும் பிறழாது. எவ்லெரிமிஸ்தெக்கிலெர்தென் என்று ஒரே மூச்சிற் சொன்னால், ‘எங்கள் வீடுகளில் உள்ளவர்களிடமிருந்து’ என்று பொருள். நீளமான சொல்லேயாயினும் அதிற் குழப்பம் இல்லை. துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் கூறிவிடலாம். இவ்வரிசை மிகப் பழையது. மொங்கோலிய நாட்டின் ஓர்க்கோன் ஆற்றங்கரையில் 732ஆம் ஆண்டு குல் தெகின் என்னும் இளவரசன் நினைவாக நாட்டப்பட்ட கல்வெட்டிலே, ‘என் சொல்லை’ எனும் பொருளில் ‘சபுமுன்’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. சப் என்பது சொல், உம் என்பது என், உன் என்பது ஐ. அக்கல்வெட்டு எழுத்துக்களை 1893இல் தென்மார்க்கு நாட்டறிஞர் வில்லெம் தொம்சன் வாசித்து வெளிப்படுத்தினார்.

குழப்பம் எழுவது குறுகிய சொற்களிலேதான். எவி என்பது அவன் வீடு. வீட்டை என்பதும் எவியே. எவின் என்பது உன் வீடு. வீட்டினது என்பதும் எவினே. அவன் வீட்டை என்று சொல்ல, இரண்டு இகரங்கள் அருகருகே நிற்க இயலாதாகையால், இடையில் ஒரு னகரம் தோன்றி எவினி என்றாகும். தமிழிலக்கணத்தார் அவ்வெழுத்தைச் சாரியை என்றிருப்பர். ஆனால் உன் வீட்டை என்பதும் எவினி என்றே முடிகின்றது. வெளியூரில் இருக்கும் தமையனுக்குத் தம்பி ஒரு கடிதம் எழுதுகிறான் என வைத்துக்கொள்வோம். அயலவர் ஒருவரைப் பற்றி எழுதிக்கொண்டு வந்து, ‘எவினி விற்றுவிட்டேன்’ என்று முடித்தால், விற்கப்பட்டது அயலவர் வீடா, தமையன் வீடா? இத்தகைய ஐயம் எழும் இடங்களிலே, செனின் எவினி என்றோ, ஒனுன் எவினி என்றோ, உன்னுடைய, அவனுடைய என்னும் சொற்களை முன்னே பெய்து துருக்கியர் தெளிவுபடுத்துவர். பன்மையில் மயக்கம் இன்னும் பெருகும். எவ்லெரி என்ற ஒரு சொல், வீடுகளை, அவனுடைய வீடுகள், அவர்களுடைய வீடு, அவர்களுடைய வீடுகள் என்று நான்கு பொருளுக்கும் இடந்தருவது. மாக்ஸ் முல்லர் புகழ்ந்த ஒழுங்கிலே இப்படியொரு பொத்தலும் உண்டு.

ஒரு பெயர் மற்றொரு பெயரோடு சேரும்போது உடைமை விகுதியின் ஆட்சி நன்கு விளங்கும். அலியின் வீடு என்பதனைத் துருக்கியர் ‘அலினின் எவி’ என்பர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அலியினது அவன்வீடு’. உடையவனிடத்தும் ஓர் அடையாளம், உடைமையிடத்தும் ஓர் அடையாளம். முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் வைத்தால் பொருள் மாறும். கப்பு என்றால் கதவு. ‘எவின் கப்புசு’ என்பது குறித்த ஒரு வீட்டின் கதவு. ‘எவ் கப்புசு’ என்பது வீட்டுக் கதவு, அஃதாவது அவ்வகைக் கதவு. அங்காடியிலே கதவு வாங்கச் செல்பவன் இரண்டாவதையே கேட்பான்.

இந்த விதி தேசப்படத்திலும் எழுதப்பட்டிருக்கின்றது. துருக்கியின் வடக்கிலுள்ள கருங்கடலைக் கரா தெனிஸ் என்பர். மத்தியதரைக் கடலை அக் தெனிஸ், வெண்கடல், என்பர். ஆனால் இஸ்தான்புல் நகரை அடுத்த மர்மராக் கடல் ‘மர்மரா தெனிஸி’. ஏஜியன் கடல் ‘எகெ தெனிஸி’. பின்னிரண்டில் மட்டும் இகரம் ஏன் வந்தது? கருமையும் வெண்மையும் பண்பு. பண்புச்சொல் கடலை உடைமையாகக் கொள்ளாது. மர்மரா என்பது பெயர். ஆதலின் கடல் ‘அதன் கடல்’ ஆகின்றது. தமிழிலக்கணத்தார் பண்புத்தொகை, வேற்றுமைத்தொகை என்று பிரித்துக் காட்டும் எல்லையை, துருக்கி மீகாமனும் மீனவனும் ஓர் இகரத்தினால் நாள்தோறும் காத்து வருகின்றனர்.

உடைமையைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றும் சொல்லத்தக்கது. துருக்கியில் ‘உடையேன்’ எனும் வினை இல்லை. ‘எவிம் வர்’ என்பர். என் வீடு உண்டு என்பதாம். ‘பரம் யொக்’ என்றால் என் பணம் இல்லை. தமிழரும் ஒரு வினையால் உடைமையைக் கூறுவதில்லை. எனக்கு வீடு உண்டு, என்னிடம் பணம் இல்லை என்றே கூறுவர். உண்டு, இல்லை என்னும் இரு சொற்களே இரு மொழியிலும் அச்சுமையைத் தாங்குகின்றன.

இவ்வளவு ஒற்றுமை இருத்தலின், தமிழும் துருக்கியும் ஒரு தாய் மக்களோ என்னும் எண்ணம் எழுவது இயல்பு. திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலே, திராவிட மொழிகளை, துருக்கியமும் அடங்கிய சிதியக் குடும்பத்தோடு உறவுபடுத்த முயன்றார். அவர் காலத்திற்கு அது துணிவான ஆராய்ச்சி. உசுப்பெக்கியர் வீட்டுக்கு என்பதனை ‘உய்க’ என்பர். உய் என்பது வீடு, க என்பது நான்காம் வேற்றுமை. ஓர்க்கோன் கல்வெட்டிலும் பேரரசனுக்கு என்பது ‘ககான்க’ என்றே காணப்படுகின்றது. தமிழின் குவ்வுருபை நினையாதார் யார்? எவின் என்பதும் வீட்டின் என்பதும் ஒரே ஈற்றின அல்லவோ? ஆயினும் இவற்றைக் கொண்டு உறவு பேசுதல் பிழை. ஒட்டுநிலையில் உருபு சேர்ப்பது உலகிற் பல மொழிகளுக்குப் பொதுவான இயல்பு. சப்பானியரும் அங்கேரியரும் அவ்வாறே செய்கின்றனர். உறவை நிறுவ வேண்டுவது, அடிப்படைச் சொற்கள் பலவற்றில் ஓசை ஓசையோடு ஒழுங்காக ஒத்துவருதல். துருக்கியர் பிர், இக்கி, உச் என்று எண்ணுவர்; பென், சென் என்று தன்மையும் முன்னிலையும் கூறுவர். ஒன்று, இரண்டு, மூன்று என்பனவும், நான், நீ என்பனவும் அவற்றோடு ஒட்டவில்லை. அன்றியும் வீட்டின் என்பதிலுள்ள இன் தமிழிற் சாரியையாகவே கொள்ளப்படுவது. ஓரிரண்டு உருபின் ஒற்றுமையை மட்டும் நம்பி மொழிகட்கு மணம் பேசுவோர் இன்றும் உளர். கால்டுவெல்லின் மற்றைய முடிபுகளிற் பல நிலைபெற்றன. இம்முடிபை மொழியியலார் ஏற்கவில்லை.

இனி, இச்சிறு விகுதிகளின் பொருட்டு ஒரு நாட்டிலே நிகழ்ந்த போராட்டத்தைக் கூறவேண்டும். உதுமானியப் பேரரசின் எழுத்து மொழியிலே அரபு, பாரசீகச் சொற்கள் மிகுந்திருந்தன. சொற்கள் மட்டும் வந்திருந்தால் கேடு பெரிதன்று. அவற்றோடு பாரசீக இலக்கணமும் வந்தது. 1860இல் இஸ்தான்புல்லிலே ஷினாசியும் ஆகா எபெந்தியும் தொடங்கிய செய்தித்தாளுக்கு ‘தெர்ஜுமான்-இ அஹ்வால்’ என்று பெயர். நிலைமைகளை எடுத்துரைப்பது என்பது கருத்து. இதில் உடைமை முன்னும், உடையது பின்னும், இடையிற் பாரசீக இகரமுமாகத் தொடர் தலைகீழாய் நிற்கின்றது. துருக்கி முறைப்படி ‘அஹ்வாலின் தெர்ஜுமானு’ என்றே வரவேண்டும். அஹ்வால் என்பதும் ஹால் என்னும் சொல்லின் அரபுப் பன்மை. துருக்கியின் ‘லெர்’ அங்கு இடம் பெறவில்லை. மலையாள நாட்டு மணிப்பிரவாளத்தில் வடசொற்கள் வடமொழி உருபுகளோடு வந்து அமர்ந்ததை அறிந்தோர், இதன் நிலையை எளிதில் உணர்வர். உழவனும் படைவீரனும் பேசிய துருக்கி வேறு. அவர்களை ஆளுவதற்கு எழுதப்பட்ட துருக்கி வேறு. அரச ஆணை ஒன்றைக் கேட்டு விளங்கிக்கொள்ளக் குடிமகனுக்கு மூன்று மொழிகளின் இலக்கணம் வேண்டியிருந்தது.

1911இல், அந்நாளில் உதுமானியர் ஆட்சியில் இருந்த சலோனிக்கா நகரத்திலே, ‘கெஞ்ச் கலெம்லெர்’, இளைய எழுதுகோல்கள், என்னும் இதழில் ‘யெனி லிசான்’, புதிய மொழி, என்ற கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் படை அதிகாரியும் சிறுகதை ஆசிரியருமான ஓமர் செய்பெத்தின். அவர் கோரியது வியக்கத்தக்க அளவு எளிமையானது. அரபு, பாரசீகச் சொற்கள் மக்கள் வாயில் வழங்குவனவாயின் இருக்கட்டும். பொதுவழக்கில் ஊறிப்போன சில தொடர்கள் நீங்கலாக, அம்மொழிகளின் பன்மை வடிவுகளும் தொடரமைப்பும் போகவேண்டும் என்பதே அது. பிறமொழிச் சொல்லைக் கண்டால் ஓட்டுவதன்று, பிறமொழி உருபைக் கண்டால் நிறுத்துவது என்று அவர் வகுத்த எல்லை அறிவுடைமைக்குச் சான்று. பின்னர் வந்தோர் அவ்வெல்லையில் நிற்கவில்லை என்பது வேறு கதை.

1928ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் தேதி, கமால் அத்தாதுர்க் ஆட்சியிலே இலத்தீன் எழுத்துச் சட்டம் நிறைவேறியது. எட்டு உயிர்களையும் வேறுபடுத்திக் காட்டப் போதிய எழுத்தில்லாத அரபு நெடுங்கணக்கிலே, விகுதிகள் பெரும்பாலும் உயிரிசைவை நோக்காது ஒரே வடிவில் எழுதப்பட்டு வந்தன. புதிய எழுத்தில் ஒவ்வொரு விகுதியும் தான் ஒலிக்கும் வண்ணமே தோன்றிற்று. குற்றியலுகரத்தை ஒத்த அவ்வுயிருக்குப் புள்ளியில்லாத இகர எழுத்தொன்றை வகுத்தனர்.

அடுத்துச் சொற்களின் மீது சீர்திருத்தம் பாய்ந்தது. பாடசாலையைக் குறித்த மெக்தெப் என்னும் அரபுச் சொல் நீங்கி, 1930களில் ஒக்குல் என்னும் புதுச்சொல் வந்தது. எங்கள் பாடசாலை என்பது மெக்தெபிமிஸ் ஆக இருந்தது, ஒக்குலுமுஸ் ஆயிற்று. பகுதி மாறியது, உயிரிசைவுக்கு ஏற்ப விகுதியின் உயிரும் மாறியது, விகுதி அதுவே. இப்பணிக்காக 1932இல் அமைக்கப்பட்ட சங்கத்தின் பெயர் ‘துர்க் திலி தெத்கிக் ஜெமியெத்தி’. சொற்களை ஒவ்வொன்றாகத் துரத்திய அச்சங்கம், தன் பெயரிலேயே ஆராய்ச்சியைக் குறிக்கும் தெத்கிக், சங்கத்தைக் குறிக்கும் ஜெமியெத் என்னும் அரபுச் சொற்கள் இரண்டு இருப்பதைக் கண்டு, 1936இல் ‘துர்க் தில் குருமு’ என்று மாற்றிக்கொண்டது. ஜெமியெத் போய்க் குரும் வந்தது. ஜெமியெத்தி என்பதன் ஈற்றில் நின்ற உடைமை இகரம் மட்டும், குருமு என்பதன் ஈற்றிலே உகரமாக இன்றும் நிற்கின்றது.